கறுப்புப் பியரும் கித்துள் பாணியும்



மலையகச் சிறுகதைகளில் குடி என்னும் விஷயம் எப்படி வந்திருக்கிறது என்று யாராவது கேட்டால் உடனே விடை சொல்லிவிடலாம். சம்பள நாள். தவறணைக்குப் போன புருசன் இருட்டி வெகு நேரமாகியும் வரவில்லை. இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் பெண்சாதி காத்திருக்கிறாள். இந்தக் காட்சியை ஒரு முறையாவது எழுதாத மலையக எழுத்தாளர் அநேகமாக இல்லை எனலாம். அது பொய்யுமல்ல. பதுளை மண் தந்த தெளிவத்தை ஜோசப்பின் தலைமுறையினர் லயத்து வாழ்வை அருகிருந்து பார்த்தவர்கள், கண்டதைத்தான் எழுதினார்கள். ஆனாலும் குடித்தவனைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம், அவன் குடித்தது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்து கொடுத்தார்கள், அது நாவுக்கு எப்படி இருந்தது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். குடிகாரனுக்கும் ஒரு நாக்கு உண்டு என்பதை இலக்கியம் மறந்தது போலவே வரலாறும் மறந்துவிட்டது.

சென்ற உரையில் ஊவாத் தேயிலையின் வாசனையைப் பற்றிப் பேசினேன். இன்று அதனிலும் கறுத்த ஒரு பானத்தைப் பற்றிப் பேச நினைக்கிறேன். குடியை ஆதரித்துப் பேசப் போகிறேன் என்று யாரும் பதற வேண்டாம். கசிப்பினால் அழிந்த குடும்பங்களை எண்ணிச் சொல்லுமளவுக்கு நான் தோட்டத்தில் வாழ்ந்தவன்.

முதலில் ஒரு குடிகாரனை அறிமுகம் செய்கிறேன். அவன் பெயர் பெர்க்ஸ். அவன் நமது ஆளல்ல, அசல் இங்கிலாந்துக்காரன். பின்னாளில் ஆபிரிக்காவிலே அல்பர்ட் ஏரியைக் கண்டறிந்து புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்கிவிடுவது என்று புறப்பட்டார். கொல்லன், விவசாயக் கண்காணிப்பாளன், பசுக்கள், குதிரைகள், வேட்டை நாய்கள் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பரிவாரத்தில் குதிரைக்காரனாக வந்தவன்தான் இந்தப் பெர்க்ஸ். மலைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் கவிழ்த்தான். உடைந்த வண்டியை இழுத்துவர அனுப்பிய யானையையும் கண்மண் தெரியாமல் ஓட்டிச் சாகடித்தான். பேக்கர் 1855இல் வெளியிட்ட தமது இலங்கை அனுபவ நூலில் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். மலைநாட்டுக் குடியேற்ற வரலாற்றின் முதல் குடிகாரர்களில் ஒருவன் வெள்ளைக்காரன். அவன் கதை நகைச்சுவையாயிற்று. அதே மலையில் பின்னால் வந்த கூலியின் குடியோ அறிக்கையாயிற்று, குற்றப் பதிவாயிற்று.

அதே பேக்கர்தான் 1849இல் நுவரெலியாவில் குடிசைக் கைத்தொழில் அளவில் பியர் காய்ச்சத் தொடங்கினார் என்று இலங்கைப் பியர்த் தொழிலின் வரலாற்றைச் சொல்பவர்கள் தொடங்குகிறார்கள். தேயிலைத் துரைமாரின் தாகத்துக்காக என்றும் சிலர் சேர்த்துக்கொள்வதுண்டு. அது சரியல்ல. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டது 1867இல்தான். பேக்கர் காலத்தில் மலையேறி வந்தவர்கள் கோப்பித் துரைமார். தேயிலைக்கு முன்பே பியர் வந்துவிட்டது!

நுவரெலியாவை ஏன் தேர்ந்தார்கள் என்பது விளங்கக்கூடியதே. முளைவிட்ட பார்லியைக் காயவைத்து, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, ஹொப்ஸ் என்னும் கைப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் என்னும் மதுவத்தைச் சேர்த்து நொதிக்க விடுவதுதான் பியர். குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலத்தில் கொழும்பு வெயிலில் இதைச் செய்தால் மூன்றாம் நாள் காடிதான் மிஞ்சும். ஆறாயிரம் அடிக்கு மேலே, பிதுருதலாகலை அடிவாரத்தில், இயற்கையே குளிர்சாதனமாக இருந்தது. 1881இல் ஒழுங்கான பியர் ஆலை எழுந்தபோது, லவர்ஸ் லீப் அருவியின் பக்கமிருந்து வந்த தண்ணீர் அதற்குப் பயன்பட்டது. பார்லி, ஹொப்ஸ், மதுவம் எல்லாம் கடல் தாண்டி வந்தவை. உள்ளூரில் கிடைத்தவை தண்ணீரும் வேலை செய்யும் கைகளும். அந்தக் கைகளிலும் பல, கடல் தாண்டி வந்தவைதாம்.

1881 என்ற ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது கோப்பி செத்துக்கொண்டிருந்த காலம். கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாகப் படரும் அந்தப் பூஞ்சண நோய் இலங்கையில் முதன்முதல் கண்ணில் பட்டது 1869இல். பட்ட இடம் நமது ஊவாவின் மடுல்சீமை. பதுளையிலிருந்து பஸ் ஏறினால் பசறை தாண்டிப் போகிற அதே மடுல்சீமைதான். பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் சாய்ந்தன; துரைமார் பலர் கடனாளிகளாகிக் கப்பலேறினார்கள்; சம்பளம் கிடைக்காத கூலிகள் தெருவில் நின்றார்கள். அந்த நேரத்தில் எழுந்த ஆலையிலிருந்து பிற்காலத்தில் புகழ்பெற்று வெளிவந்தது எது தெரியுமா? கருக வறுத்த தானியத்தில் காய்ச்சிய, முதல் மடக்கிலேயே வறுத்த கோப்பியை நினைவூட்டுகிற கறுப்பு ஸ்டவுட்! வரலாற்றுக்கு இப்படியொரு குறும்பு உண்டு.

நிற்க. இந்தப் பியர் லயத்துக்கு வந்ததா? இல்லை. அது துரைமாரின் பங்களாவுக்கும் கிளப்புக்கும் போயிற்று. நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது; சுதேசிகளை நீண்ட காலம் அது சேர்த்துக்கொள்ளவே இல்லை. கிளப்புக்குள் போத்தலைத் திறந்து கொடுத்தவன் நம்மவன். ஊற்றிக் கொடுப்பதற்கு அனுமதி இருந்தது. லயத்துக்கு வந்தது வேறு. அது கரையோரத்திலிருந்து மாட்டுவண்டியில் ஏறிவந்த தென்னஞ்சாராயம்.

இந்தச் சாராயத்தின் பாதையைக் குமாரி ஜயவர்தன தமது ஆய்வு நூலில் விரிவாகத் தொடர்ந்து சென்றிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராய விற்பனை உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. ஒரு மாவட்டத்தில் சாராயம் விற்கும் உரிமையை அதிக விலைக்குக் கேட்டவன் குத்தகைக்காரன் ஆனான். அரசுக்கு அது பெரிய வருமானம். குத்தகைக்காரனுக்கோ அதனிலும் பெரிய வருமானம். இலங்கையின் முதல் பெருஞ்செல்வர்கள் பலர் இந்த வழியில்தான் உருவானார்கள். மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் த சொய்சா 1837இல் ஹங்குராங்கெத்தையில் பழைய அரச தோட்டத்தை விலைக்கு வாங்கிக் கோப்பி பயிரிட்டார். அந்தக் குடும்பத்தின் செல்வத்துக்குச் சாராயக் குத்தகையும் ஓர் ஊற்று. கீழே இறங்கிப் போன வண்டியில் கோப்பி மூடை. மேலே ஏறிவந்த வண்டியில் சாராயப் பீப்பாய். கூலி ஒரு கையால் வாங்கிய சம்பளத்தை மறு கையால் தவறணையில் கொடுத்தான். அதில் ஒரு பகுதி அரசின் கஜானாவுக்கே திரும்பிப் போயிற்று. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் 'தோட்டத்தான் குடிகாரன்' என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்!

தவறணை தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மறுநாள் பிரட்டுக்கு ஆள் குறைகிறது என்று துரைமாரும் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். 1912இல் வந்த மதுவரிச் சட்டம் குத்தகை முறையை மாற்றி அரசின் பிடியை இறுக்கியது. அதை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கம் இலங்கையின் தேசிய அரசியலுக்கே பாதை போட்டது. அதன் தலைவர்களில் சிலர் 1915இல் சிறைக்கும் போனார்கள். அந்த இயக்கத்தின் மேடைகளில் லயத்துக்காரனின் குரல் கேட்டதா என்று தேடினால் கையில் கிடைப்பது மிகச் சொற்பம். அவனுக்காக யோசித்தவர்கள் எல்லாரும் அவனுக்கு வெளியே இருந்தே யோசித்தார்கள்.

இந்த இடத்தில் நேயர்களைச் சற்றுத் தூரம், ஐரோப்பாவுக்கு, அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்ட ஒரு சிறிய நாடு அங்கே இருக்கிறது. நான் சொல்ல வந்த கறுத்த பானமும் அங்கேதான் பிறந்தது.

பெல்ஜியத்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த தொழிலாளர்கள் ஜெனெவர் என்னும் காட்டமான மதுவைக் குடித்து அழிந்துகொண்டிருந்தார்கள். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1919 ஓகஸ்ட் மாதத்தில், ஒரு சட்டம் வந்தது. அதன் சூத்திரதாரி எமில் வான்டர்வெல்ட். சோஷலிசத் தலைவர், அப்போது நீதி அமைச்சர். குடிக்கடைகளில் வடிமதுவைக் கோப்பைக் கணக்கில் விற்கக் கூடாது. கடையில் வாங்குவதென்றால் ஒரே தடவையில் குறைந்தது இரண்டு லீற்றர் வாங்க வேண்டும் என்பதே அந்தச் சட்டம். அன்றாடக் கூலிக்காரனால் இரண்டு லீற்றருக்கு ஒரே நாளில் காசு கட்ட முடியாது. எனவே அவன் பியர்ப் பக்கம் திரும்பினான். பியர் காய்ச்சியவர்களும், கொஞ்சம் உறைப்பும் வேண்டும் என்று கேட்ட அந்த நாவுக்காகத் தங்கள் பியரை வலுப்படுத்தினார்கள். அந்தச் சட்டம் 1980களில்தான் நீங்கியது. பெல்ஜியத்துப் பியர்கள் இன்று உலகத்தில் பேசப்படுவதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று பியர் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

இப்படி வலுத்த பியர்களில் தனிப்பெயர் பெற்றவை டிராப்பிஸ்ட் துறவிகளின் மடங்களில் காய்ச்சப்படுபவை. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கின்படி வாழ்கிறவர்கள் இவர்கள். தன் கையால் உழைத்துச் சாப்பிடு என்பது அந்த ஒழுங்கு. நாளொன்றுக்கு ஓர் அளவு திராட்சை மதுவையும் அது அனுமதித்திருக்கிறது. திராட்சை விளையாத குளிர் நாட்டில் பியர் அந்த இடத்தைப் பிடித்தது. ரொஷ்போர் என்ற ஊரில் உள்ள மடம் அவற்றில் ஒன்று. 1230இல் பெண் துறவிகளுக்காகத் தொடங்கிய மடம் அது. 1464இல் ஆண் துறவிகளுக்கு மாறியது. அங்கே 1595இலேயே பியர் காய்ச்சியதற்குப் பதிவு இருக்கிறது. அங்கே காய்ச்சும் பியர்களில் மூன்றுக்கு 6, 8, 10 என்று எண்களே பெயர். பத்தாம் எண் மிக வலுவானது, 11.3 வீதம் மதுசாரம் கொண்டது. சாதாரணப் பியரில் ஐந்து வீதம் அளவில்தான் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த மடத்துக்கும் தண்ணீர்த் தகராறு ஒன்று வந்தது. பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லகழி ஆழமாய்த் தோண்டினால் தங்கள் ஊற்று பாழாகும் என்று துறவிகள் நீதிமன்றம் போனார்கள்; 2021இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. உமா ஓயாச் சுரங்கத்தில் 2014 இறுதியில் நீர்க்கசிவு ஏற்பட்டுத் தங்கள் கிணறுகள் வற்றியதைப் பார்த்துக்கொண்டு நின்ற பண்டாரவளைக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2017 ஓகஸ்டில் என் மருமகன், அதாவது அக்காவின் மகன், பெல்ஜியத்திலிருந்து விடுமுறைக்கு வந்தான். பெட்டியில் சொக்லேட்டோடு இந்தப் பத்தாம் எண் போத்தல் இரண்டு. "மாமா, இதை மடக்கு மடக்காக் குடிக்கக் கூடாது, ருசி பாக்கணும்" என்றான். ஒப்பிட்டுப் பார்க்க நம் நாட்டு லயன் ஸ்டவுட் ஒன்றையும் பதுளை டவுனில் வாங்கி வந்திருந்தான். ஹாலிஎலைப் பக்கம் எங்கள் வீடு. கச்சான் காற்று வீசுகிற மாதம். ஊவாத் தேயிலைக்கு அந்த வருடத்தின் வாசனை ஏறுகிற பருவமும் அதுதான்: வறண்ட காற்றில் வாடித் தவிக்கிற கொழுந்து, வலித் தைலத்தில் வருவது போன்ற ஒரு குளிர்ந்த மணத்தைத் தனக்குள் ஊறவைத்துக்கொள்கிறது. உலகச் சந்தையில் ஊவாவுக்கு உள்ள பெயர் இந்தச் சில வாரங்களின் பெயர்.

குளிர்ப்பெட்டியில் வைக்காமல், வீட்டுக் குளிரிலேயே வைத்திருந்து, வாய் அகன்ற கிண்ணத்தில் அடி வண்டல் கலங்காமல் மெல்ல ஊற்றினான். நல்லெண்ணெய் போல ஒழுகும் என்று நினைத்தேன், இல்லை, நுரைத்தது. நிறம் கறுப்பென்று தோன்றினாலும் ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது ஓரத்தில் செம்பழுப்பு தெரிந்தது. காய்ந்த திராட்சை, அத்தி, கராம்பு, கொஞ்சம் சொக்லேட் என்று மருமகன் அடுக்கினான். அவன் சொன்னது எல்லாம் இருந்தது என்றே எனக்கும் பட்டது. விழுங்கிய பிறகு நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கியது. அது வரும் வரைக்கும் அதன் வலு தெரியவில்லை. இது ஆபத்தான நல்ல குணம்.

ஸ்டவுட்டை அடுத்துப் பார்த்தோம். எட்டு வீதத்துக்கு மேல் மதுசாரம் கொண்ட அதுவும் வலுவானதுதான். ஆனால் குணம் வேறு. நிறமே முழுக் கறுப்பு; நுரை கபிலம். கருகல், கோப்பி, கசப்பு. பெல்ஜியப் பியர் பேச்சு வளர்க்கிற ஆள் என்றால் ஸ்டவுட் சுருக்கமாகப் பேசுகிற ஆள்.

அக்கா இதையெல்லாம் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்த கை. குடியென்றால் ஆகாது, அத்தானைக் கொண்டுபோனதே அதுதான். மகன் வற்புறுத்தினான் என்பதற்காக ஒரு தேக்கரண்டி அளவு வாயில் விட்டா. விழுங்கவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டு நின்றா. பிறகு சொன்னா: "இது அடிப்பிடிச்ச கித்துள் பாணியில்லயா தம்பி? கொத்தமல்லியும் போட்டிருக்காங்க."

மருமகன் கைத்தொலைபேசியை எடுத்துத் தேடினான். இந்த மடத்துப் பியரில் சிறிதளவு கொத்தமல்லி விதை சேர்வதுண்டு. பெல்ஜியத்துக் கறுத்த பியர்களின் நிறத்துக்கும் உலர்பழ வாசனைக்கும் ஒரு முக்கிய காரணம், கரும்பழுப்பாகக் காய்ச்சிய சீனிப் பாகு. சீனியைத் தீயில் வைத்துக் காய்ச்சும்போது அது முதலில் பொன்னாகி, பின் செம்பாகி, பின் கறுக்கிறது; ஒவ்வொரு கட்டத்திலும் புதுப் புது வாசனைகள் அதில் பிறக்கின்றன. கித்துள் பாளையிலிருந்து இறக்கிய, சிங்களத்தில் தெலிஜ்ஜ என்கிற இளஞ்சாற்றைக் கிராமத்துப் பெண்கள் காய்ச்சிப் பாணியாக்கும்போது நடப்பதும் இதுவே. பீட்ரூட் சீனியில் பெல்ஜியக்காரன் கண்ட அதே கருகல் இனிப்பை ஊவாக் கிராமத்து அடுப்பு கித்துள் சாற்றில் கண்டிருக்கிறது. எங்கள் சிறுவயதில் தோட்டத்து எல்லைக் கிராமத்திலிருந்து ஒரு சிங்கள அம்மா போத்தலில் பாணி கொண்டுவருவா. காசு வாங்க மாட்டா. தேயிலைத் தூள் வாங்கிப் போவா. அக்காவின் நாக்கில் நின்றது அந்தப் போத்தலின் ருசி. கொத்தமல்லியோ, தடிமன் வந்தால் லயத்தில் அவித்துக் குடிக்கிற மருந்து.

கொழும்பிலே தேயிலை ருசி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வரிசையாக வைத்த கிண்ணங்களில் ஒரு மடக்கை உறிஞ்சி, நாவில் உருட்டி, எச்சில் பாத்திரத்தில் துப்பிவிட்டு, எந்தத் தோட்டம், எந்தக் காற்று என்று சொல்லும் வித்தை அது. நல்ல சம்பளமும் உண்டு. அதே வித்தையை அக்கா குசினி வாசலில் நின்று செய்தா. ஒரு தேக்கரண்டி வாயில் வைத்து, விழுங்காமல், இரண்டு மூலப்பொருளைப் பிரித்துச் சொன்னா. ஆனால் முப்பத்தைந்து வருடத்தில், தான் எடுத்த கொழுந்தின் முதல்தரத் தேயிலையை அவ ஒரு நாளும் குடித்ததில்லை. தோட்டத்துக்குக் கிடைத்தது கழிவுத் தூள். அந்த நாவுக்கு உலகம் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

ஸ்டவுட்டுக்கு வெளியுலகில் பெயர் கிடைத்த கதையும் சுவையானது. மைக்கல் ஜக்சன் என்று ஓர் ஆங்கில எழுத்தாளர் இருந்தார். 1942இல் பிறந்து 2007இல் மறைந்தவர். பாடகர் வேறு, இவர் வேறு. இவர் பாடியதெல்லாம் பியர் புராணம்தான். 1977இல் உலகப் பியர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதினார். 1991இல் பெல்ஜியப் பியர்களுக்கென்றே தனி நூல் செய்தார். திராட்சை மதுவைப் பற்றி எழுதுகிற அதே நுணுக்கத்தோடு தொழிலாளியின் பானத்தைப் பற்றியும் எழுதலாம் என்று காட்டியவர் அவர். பெல்ஜிய மடங்களைப் போற்றிய அதே மனிதர் நம் மலைநாட்டு ஸ்டவுட்டையும் தேடி வந்து குடித்துப் பார்த்து உலகறியப் புகழ்ந்தார். கண்டியில் ஒரு பழைய கடையில் கைப்பம்பினால் இறைத்துத் தந்த ஸ்டவுட்டும் அவர் எழுத்தில் இடம்பெற்றது. இங்கே ஸ்டவுட்டைப் பற்றி அதற்கு முன் யார் எழுதினார்கள்? எங்கள் அப்பாயி மட்டும், பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை முட்டை அடித்துக் கொடுக்கிற 'கறுப்பு மருந்து' என்று அதைச் சொல்வா. வைத்தியர்கள் இதை ஒப்ப மாட்டார்கள், ஒப்பவும் கூடாது. ஆனால் துரை பங்களாவின் பானம் லயத்துக்குள் நுழைந்த ஒரே வாசல் எங்களுக்குத் தெரிந்தவரை அதுதான்: மருந்தென்ற பெயரில், ஒரு பெண்ணின் படுக்கைக்கு.

1990களின் பிற்பகுதியில் பியகமையில் புதிய ஆலை எழுந்தது. நுவரெலியாவின் பழைய ஆலைக்கு அதன்பின் வேலை இல்லாமற் போயிற்று. அருவி நீரையும் மலைக் குளிரையும் நம்பிப் பிறந்த ஸ்டவுட் களனி நதிக்கரைக்கு இறங்கியது. இயந்திரம் குளிரைத் தரும்போது மலை எதற்கு? 2016 மே மாத வெள்ளத்தில் அந்தப் பியகமை ஆலையே மூழ்கி மாதக்கணக்கில் உற்பத்தி நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

துறவிகளைப் பற்றிப் பேசியதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெல்ஜியத் துறவிகள் நமக்குப் புதியவர்களல்லர். 1893இல் கண்டியில் தொடங்கிய பாப்பரசரின் குருமடத்தை நடத்தியவர்கள் பெல்ஜிய இயேசு சபையினர். ஆனால் தங்கள் நாட்டு மடங்களின் பியர்க் கலையை அவர்கள் இந்த மலையில் நாட்டவில்லை. கொண்டுவந்தது இலத்தீனும் இறையியலும். நமது ஊவாவிலே புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றுகிற மடம் ஒன்று ஹப்புத்தளையில் இருக்கிறது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற பெருந்தோட்ட வர்த்தகர் 1931இல் கட்டி முடித்த அடிசம் மாளிகை அது. கருங்கல்லில், இங்கிலாந்தைக் கனவு கண்டு எழுப்பிய வீடு. 1960களின் தொடக்கத்தில் அது துறவிகளின் கைக்கு வந்தது. ரொஷ்போரின் துறவிகள் கையுழைப்புக்குப் பியரை எடுத்தார்கள். ஹப்புத்தளைத் துறவிகளோ தோட்டத்துப் பழங்களில் ஜாம் காய்ச்சினார்கள். ஸ்ட்ரோபெரி ஜாமும் கொய்யா ஜெலியும் வாங்குவதற்கென்றே கொழும்பிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அங்கும் பழமும் சீனியும் நெருப்பும்தான். நொதிக்க விடாமல் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு வித்தியாசம். பக்கத்து மலையில் தம்பேதன்ன. 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டம். அங்கே கொழுந்தெடுக்கிற பெண்களில் அடிசம் ஜாமை ருசி பார்த்தவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதாக எனக்குத் தெரியாது.

பெண்கள் என்றதும் ஒரு சட்டத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1979இல் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. மதுக்கடைகளில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது. அங்கே பெண்கள் வேலை செய்யவும் கூடாது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கிக் கையெழுத்திட்டார். சில நாட்களுக்குள், ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை விலக்கிக்கொள்ளும்படி உத்தரவிட்டார். பத்திரிகைகளில் அது பெரிய வாதமாயிற்று. பண்பாடு கெடும் என்றார்கள் ஒரு பக்கம். சமத்துவம் என்றார்கள் மறு பக்கம்.

தடை நீங்கியது என்ற செய்தி வானொலியில் வந்த அன்று அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. "அந்தக் கறுப்பு மருந்து இப்ப என்ன விலைடா தம்பி?" என்று கேட்டா. பேத்தி வயிற்றுப் பிள்ளையோடு வீட்டிலிருந்த நேரம். அப்பாயியின் வைத்தியத்தை நினைத்துவிட்டா போலும் என்று நினைத்து, அதெல்லாம் கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஆகாது, கிளினிக்கில் ஏசுவார்கள் என்றேன்.

"அவளுக்கு யார் கேட்டா? எனக்கு" என்றா அக்கா. "அன்னைக்கு ரெண்டாவதா ஊத்தினீங்களே, அதை நான் ருசி பாக்கல."

நான் விலையை விசாரித்துக்கொண்டு வருவதற்குள் தடை திரும்பி வந்துவிட்டது.